கவுன்சலிங் பாடத்தில் தத்துவப் பகுதி எதற்கு? ஒரே வழக்கு, ஐந்து கோட்பாடுகள்

பேரையூர் வெண்ணிலா

எம்.எஸ்சி. முதலாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாசம் களப்பயிற்சி, மதுரையில ஒரு கல்லூரியோட ஆலோசனை அறையில. மனப்பகுப்பாய்வு, நடத்தைவாதம், கார்ல் ரோஜர்ஸோட வந்தவரை மையமா வெச்ச முறை, இருத்தலியம், சி.பி.டி. (அறிவாற்றல்-நடத்தை சிகிச்சை)ன்னு பாடம் வரிசையா வருது. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ரெண்டு மூணு பக்கம் தத்துவப் பின்னணி இருக்கு. பாதிப் பேர் அதைப் புரட்டிட்டு நேரா உத்திகளுக்குப் போயிடுறாங்க. பதிவேட்டுல அணுகுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எல்லாரும் ‘எக்லெக்டிக்’னு, அதாவது பல முறையும் கலந்ததுன்னு, எழுதிடுறாங்க.

பயிற்சிக்குக் கொடுத்த கற்பனை வழக்கு இது. பெண், வயசு 19. உசிலம்பட்டிப் பக்கத்து ஊர். இளநிலை முதலாம் ஆண்டு, தினமும் பஸ்ஸுல மதுரைக்கு வந்து போறா. ரெண்டு பேப்பர் அரியர். தாய்மாமன் மகனுக்குக் கட்டிக் கொடுக்கப் பேச்சு நடக்குது. மூணு வாரமாத் தூக்கம் சரியில்ல. வகுப்பாசிரியை அனுப்பி வெச்சிருக்காங்க. உட்கார்ந்ததும் சொல்றது: “நான் எதுக்குமே லாயக்கில்ல மேடம். பேசாம போயிடலாம்னு இருக்கு.”

இதுக்கு எந்தக் கோட்பாடு பொருந்தும்? உத்தி மட்டும் தெரிஞ்சு தத்துவம் தெரியலைன்னா என்ன குறைஞ்சிடும்?

வைகைக்கரை

வெண்ணிலா, கோட்பாட்டைத் தேடுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அந்தப் பெண் பேசியதில் உங்கள் காது எங்கே போய் நிற்கிறது?

நடத்தைவாதியின் காது மூன்று வாரத் தூக்கமின்மையில் நிற்கும். எத்தனை மணிக்குப் படுக்கிறாள், அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது, படிக்க உட்கார்ந்தால் அடுத்து என்ன ஆகிறது என்று கேட்பார். மனப்பகுப்பாய்வு வழியில் வந்தவர், ‘லாயக்கில்லை’ என்பது முதலில் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று யோசிப்பார். ஆனால் அதை உடனே கேட்க மாட்டார். சி.பி.டி.யில் பெக் வழியில் படித்தவருக்கு அது ஓர் எண்ணம், சரிபார்க்க வேண்டிய கருதுகோள். ரோஜர்ஸ் வழியில் போகிறவர் அந்தச் சொற்களுக்குப் பின்னால் உள்ள சோர்வை அவள் உணர்கிறபடியே உணர முயல்வார். இருத்தலியவாதி, கல்யாணப் பேச்சைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை என்பதைக் கவனிப்பார்.

ஐவருக்கும் கிடைத்தது ஒரே வாக்கியம்தான். மனிதன் எப்படிப்பட்டவன் என்பதற்கு ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு பதிலைக் கையில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் புரட்டிவிட்டுப் போன பக்கங்களில் இருப்பது அந்தப் பதில்தான்.

அந்தப் பக்கங்களை மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு படியுங்கள். முதலாவது, மனிதன் தன் செயலைத் தானே தேர்ந்தெடுக்கிறானா, அல்லது வேறு ஏதோ அவனைச் செலுத்துகிறதா? ஃபிராய்டுக்கு நனவிலி செலுத்துகிறது. 1913இல் நடத்தைவாதத்தை அறிவித்த வாட்சனுக்குச் சூழல் செலுத்துகிறது. இருத்தலியத் தத்துவவாதி சார்த்தருக்கு எதுவுமே செலுத்துவதில்லை, தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வு. ரோஜர்ஸ் வேறு இடத்தில் நிற்கிறார். வீட்டு நிலவறையில் போட்டு வைத்த உருளைக்கிழங்கு, சின்னச் சாளரத்திலிருந்து வரும் வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளை விடுவதை அவர் உதாரணம் காட்டினார். சூழல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வளரும் நாட்டம் உள்ளே இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை.

இரண்டாவது கேள்வி, உண்மை யாருக்குத் தெரியும்? பகுப்பாய்வில் விளக்கம் சொல்வது சிகிச்சையாளர். ரோஜர்ஸ் வழியில், வந்தவருக்குத்தான் தெரியும். தத்துவவாதி ஹுஸ்ஸெர்லின் நிகழ்வியலிலிருந்து வந்த ஒழுக்கம் இங்கேதான் உதவுகிறது: உங்கள் முன்முடிவுகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவருக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது. பெக்கின் முறையில் இரண்டு பேரும் சேர்ந்து சான்றைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

மூன்றாவது, நல்ல வாழ்வு எது? சிகிச்சையின் இலக்கு இதிலிருந்துதான் வரும். அரியரை முடிப்பதா, தன்னை அறிவதா, துணிந்து முடிவெடுப்பதா, குடும்பத்தோடு பொருந்தி வாழ்வதா?

இனி எக்லெக்டிக். ஒரே அமர்வில் முதல் பத்து நிமிடம் “பதில் உங்ககிட்டயே இருக்கு” என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்து நிமிடத்தில் “இந்தத் தாளை நிரப்பிட்டு வாங்க” என்றால், இந்த அறையில் வழி தெரிந்தவர் யார் என்பது அந்தப் பெண்ணுக்குப் புரியாது. கலப்பது தவறில்லை. எதை, எப்போது, ஏன் என்று எழுத முடியாத கலப்புதான் தவறு. பதிவேட்டில் இப்படி எழுதலாம்: “அடிப்படை அறிவாற்றல்-நடத்தை முறை. முதல் இரண்டு அமர்வுகள் ரோஜர்ஸ் வழிக் கேட்டல், காரணம்: தானாக வரவில்லை, அனுப்பப்பட்டவர். வருபவர் தானே ஒரு இலக்கைச் சொன்ன பிறகு பணித்தாள்.” மூன்று வரி போதும். மேற்பார்வையாளர் அதை வைத்து உங்களைக் கேள்வி கேட்க முடியும்.

ஒத்தக்கடை பாஸ்கர்

வைகை சார் சொன்னதோட சி.பி.டி. பக்கத்தைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன், ஏன்னா மாணவர்கள் அதிகமாக் கெடுக்கிறது இதைத்தான்.

இதோட வேர் பழைய கிரேக்க-ரோமானிய ஸ்டோயிக் தத்துவம். அந்த வழியில வந்த எபிக்டெடஸ் சொன்னது: மனுஷனைக் கலங்க வைக்கிறது நடந்த விஷயம் இல்ல, அதைப் பத்தி அவன் வெச்சிருக்கிற கருத்து. ஆல்பர்ட் எல்லிஸ் 1955 வாக்குல இதை எடுத்து ஏ-பி-சின்னு ஆக்கினார். ஏ நடந்தது, பி நம்பிக்கை, சி விளைவு. ஆரோன் பெக் 1960கள்ல மனச்சோர்வு நோயாளிகளை ஆராய்ஞ்சு வேற வழியா அதே ஊருக்கு வந்து சேர்ந்தார். ரெண்டு பேரும் ஒண்ணுன்னு நினைச்சுட்டா தப்பு. எல்லிஸ் ‘கட்டாயம்’ங்கிற கோரிக்கையோட மோதுவார்: “அரியர் வைக்கவே கூடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுது?” அது தத்துவ வாதம். பெக் அப்படி மோத மாட்டார். “லாயக்கில்லங்கிறதை இப்ப நூத்துக்கு எவ்வளவு நம்புறீங்க?”ன்னு கேட்டுட்டு, அதுக்கு ஆதரவா என்ன இருக்கு, எதிரா என்ன இருக்குன்னு கூட உட்கார்ந்து தேடுவார். அனுப்பி வைக்கப்பட்டு வந்து தலை குனிஞ்சு உட்கார்ந்திருக்கிற பொண்ணுகிட்ட எல்லிஸ் பாணியில முதல் நாளே போனா, அவளுக்கு அது இன்னொரு வாத்தியார் திட்டுற மாதிரிதான் கேட்கும்.

எண்ணப் பதிவுத்தாள்ல ஏழு கட்டம்: நிலைமை, உணர்ச்சி (0 முதல் 100 வரை அளவோட), அப்ப ஓடின எண்ணம், ஆதரவான சான்று, எதிரான சான்று, சமநிலையான எண்ணம், மறுபடி உணர்ச்சியோட அளவு. முதல் வாரம் முதல் மூணு கட்டம் மட்டும் போதும். எண்ணத்தையும் உணர்ச்சியையும் பிரிக்கவே பலருக்கு ஒரு வாரம் ஆகும். “கஷ்டமா இருந்துச்சு”ங்கிறதை எண்ணக் கட்டத்துல எழுதிட்டு வருவாங்க. நாலாவது அஞ்சாவது கட்டத்தைத் தாண்டிட்டு நேரா ஆறாவதுக்குப் போனா அதுக்குப் பேர் ‘பாஸிடிவ் திங்கிங்’. அவ “சரிங்க மேடம்”னு தலையாட்டிட்டுப் போவா, அடுத்த வாரம் வர மாட்டா.

ரெண்டு இடத்துல இது நம்ம பக்கம் இடறும். ஒண்ணு, வீட்டுல நோட்டுப் புத்தகத்தை யார் வேணா எடுத்துப் பார்ப்பாங்க. “மாமா வீட்டுக்குப் போகச் சொன்னாங்க, கோபம் 80”ன்னு எழுதி வைக்கச் சொல்லி அனுப்புறது ஆபத்து. தாளை அறையிலயே வெச்சு நிரப்புங்க. இல்லைன்னா பாட நோட்டோட கடைசிப் பக்கத்துல அவளுக்கு மட்டும் புரியற ரெண்டெழுத்து, ஒரு எண், அவ்வளவு போதும். ரெண்டாவது, எண்ணம் உண்மையாவே இருந்தா? ரெண்டு அரியர் இருக்கிறது நிஜம். அதைச் சிந்தனைப் பிழைன்னு சொல்ல முடியாது. அங்க எண்ணத்தை விட்டுட்டுச் சிக்கல் தீர்க்கிற வேலைக்குப் போகணும். காலையில எத்தனை மணி பஸ், வீடு திரும்ப எத்தனை மணி, சமையல் வேலை யார் பார்க்கிறது, படிக்கிறதுக்குன்னு மிஞ்சுற நேரம் எவ்வளவு? தாள்ல கணக்குப் போட்டுப் பார்த்தா, நாப்பது நிமிஷம் மிச்சம் இருக்கிற பொண்ணு ‘லாயக்கில்ல’ன்னு தன்னைத் திட்டிட்டு இருக்கலாம்.

பேரையூர் வெண்ணிலா

பாஸ்கர் அண்ணே, நன்றி. அந்த ஏழு கட்டத்துல எங்க எது போகும்னு இப்பதான் புரியுது.

அடுத்த சந்தேகம். ரோஜர்ஸ் ‘நிபந்தனையற்ற நன்மதிப்பு’ங்கிறார். நாளைக்கே அந்தப் பொண்ணு “படிப்பை நிறுத்திடப் போறேன்”னா, நான் ஒத்துக்கணுமா? ஒத்துக்கலைன்னா நிபந்தனை வெச்ச மாதிரி ஆகிடாதா?

மேலூர் செல்வி

ஒத்துக்க வேண்டியதில்ல வெண்ணிலா. மதிப்பு ஆளுக்கு. முடிவுக்கு இல்ல. “நிறுத்தினாலும் நிறுத்தாட்டாலும் இந்த அறையில உங்களுக்கு உள்ள இடம் மாறாது”ங்கிறதுதான் அது. “நல்ல முடிவு”ன்னு சொன்னாலும் நிபந்தனைதான். அடுத்த வாரம் மனசு மாறினா அவ உங்க முகத்துல எப்படி முழிப்பா?

1957ல ரோஜர்ஸ் ஆறு நிபந்தனை எழுதினார். புத்தகங்கள்ல மூணுதான் பிரபலம், அதனால மத்த மூணும் விட்டுப் போகுது. ஆறு இது: ரெண்டு பேருக்கும் நடுவுல உளத் தொடர்பு இருக்கணும். வந்தவர் உள்ளுக்குள்ள முரண்பட்டு, கலங்கிப் போய் இருக்கணும். ஆலோசகர் அந்த உறவுல போலி இல்லாம இருக்கணும். நிபந்தனையில்லாத நன்மதிப்பு. ஒத்துணர்வு. ஆறாவது, அந்த மதிப்பும் ஒத்துணர்வும் வந்தவருக்குக் கொஞ்சமாவது போய்ச் சேரணும். கடைசி ஒண்ணை மறந்துட்டுதான் பலர், “நான் ஒத்துணர்வோடதான் இருந்தேன், அவங்கதான் பேசல”ன்னு எழுதுறாங்க. சேரலைன்னா இல்லாததுக்குச் சமம்.

வந்தவர் சொன்னதோட உணர்வை நம்ம சொல்லுல திருப்பிச் சொல்றதுதான் பிரதிபலிப்பு. அது கெட்டுப் போற இடம் கிளிப்பிள்ளைப் பேச்சு. அவ “நான் எதுக்குமே லாயக்கில்ல”ன்னா, “நீங்க எதுக்குமே லாயக்கில்லன்னு நினைக்கிறீங்க”ன்னு திருப்பிச் சொல்றது. அதைக் கேட்டா அவளுக்குத் தன்மேல இருக்கிற தீர்ப்பு இன்னொரு தடவை உறுதியாகும். அதுக்குப் பதிலா: “ரொம்ப நாளாத் தனியாச் சுமந்து அலுத்துப் போயிட்டீங்க போல... நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?” அந்தக் கடைசிக் கேள்வியை விடாதீங்க. அவ “இல்ல மேடம், அலுப்பு இல்ல, பயம்”னு திருத்தினா அதுதான் வேலை நடக்கிற நேரம்.

எண்ணிக்கை வேணும்னா, மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்ங்கிற, மாறணும்ங்கிற விருப்பத்தை வந்தவர்கிட்டேருந்தே வரவழைக்கிற முறையோட பயிற்சியில ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பாவது இருக்கணும், ஒரு கேள்விக்கு ரெண்டு இருந்தா நல்ல தேர்ச்சின்னு வெச்சிருக்காங்க. வகுப்புல தோழிகூட நடிச்சுப் பார்க்கிறப்ப போன்ல பதிவு பண்ணி, பத்து நிமிஷத்தை அப்படியே எழுதுங்க. கேள்விக்கு ஒரு குறி, பிரதிபலிப்புக்கு ஒரு குறி, புத்திமதிக்கு ஒரு குறி. ஆரம்பத்துல கேள்விதான் வரிசையா நிக்கும், பெரும்பாலும் “ஏன்”ல ஆரம்பிக்கும். “ஏன் படிக்கல?”ன்னா அது விசாரணை. “படிக்க உட்கார்ந்ததும் என்ன ஆகுது?”ன்னு மாத்துங்க.

வைகைக்கரை

செல்வி சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு விவாதம் உண்டு. 1956இல் ரோஜர்ஸும் நடத்தைவாதி ஸ்கின்னரும் மனித நடத்தையைக் கட்டுப்படுத்துவது பற்றி நேருக்கு நேர் வாதிட்டது ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கட்டுப்பாடு எப்போதும் இருக்கிறது, யார் கையில், எந்த நோக்கத்தோடு என்பதுதான் கேள்வி என்றார் ஸ்கின்னர். ஒருவர் தானே தேர்ந்தெடுக்கும் அனுபவத்தை அறிவியல் துடைத்துப் போட முடியாது என்றார் ரோஜர்ஸ்.

பத்து ஆண்டு கழித்து, 1966இல், சார்லஸ் ட்ருவாக்ஸ் ரோஜர்ஸின் அமர்வுப் பதிவுகளையே எடுத்து ஆராய்ந்தார். ரோஜர்ஸின் ஒத்துணர்வும் இதமும் எல்லாப் பேச்சுக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை, சில வகைப் பேச்சுக்குக் கூடுதலாகக் கிடைத்தன, அந்த வகைப் பேச்சு நாளடைவில் பெருகவும் செய்தது என்று கண்டார். வழிநடத்தாத முறையிலும் வழிநடத்தல் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். இதை ரோஜர்ஸைத் தோற்கடித்த ஆய்வாகப் படிக்காதீர்கள். உங்கள் ‘ம்ம்’ எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொல்லும் ஆய்வு அது. செல்வி சொன்ன எழுத்துப் பதிவில் நான்காவதாக ஒரு குறி சேருங்கள்: அந்தப் பெண் கல்யாணத்தைக் குறை சொல்லும்போது மட்டும் உங்கள் தலை ஆடுகிறதா? அரியரைப் பற்றிப் பேசும்போது பேனா எடுக்கிறீர்களா?

அழகர்கோவில் முத்து

தமிழாசிரியர் பக்கத்திலிருந்து ஒரு சொல். எபிக்டெடஸைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டுமா? ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா, நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன’ என்று புறநானூறு 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் சொல்லிவிட்டார். மாணவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

வைகைக்கரை

முத்து ஐயா, அந்தப் பாட்டை நான்காவது வரிக்கு மேலும் எடுத்துச் செல்லுங்கள். மலையிலிருந்து இறங்கும் பேராற்று நீரின் வழியே போகும் புணைபோல உயிர் முறைவழிப் படும் என்று பாட்டு முன்னே போகிறது. நோவும் தணிவும் நம்மிடமிருந்து என்று தொடங்கியவர், ஆற்றோட்டத்தையும் ஏற்றுக்கொள்கிறார். ஸ்டோயிக்குகளும் அப்படித்தான், அவர்களுக்கும் உலக ஒழுங்கு என்று ஒன்று இருந்தது. எல்லிஸ் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆகவே பாட்டு ஸ்டோயிக்குகளுக்கு நெருக்கம், எல்லிஸுக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை.

இதனால் அறையில் ஒரு பயன் உண்டு. “எல்லாம் தலையெழுத்து மேடம்” என்று ஒருவர் சொன்னால், பகுத்தறிவற்ற நம்பிக்கை என்று அதை உடைக்கக் கிளம்பாதீர்கள். அந்தச் சொல் அவருக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். மகனை இழந்த தாய்க்கு அது ஆறுதல், அங்கே கை வைக்கக் கூடாது. முடிவெடுக்க இன்னும் நாள் இருக்கிற 19 வயதுப் பெண்ணுக்கு அது கதவை அடைக்கிறது. அங்கே, “எழுதினது போக உங்க கையில இருக்கிறது எவ்வளவு?” என்று கேட்கலாம்.

ஃபிராங்கலை வைத்தும் இதே தவறு நடக்கிறது. நாஜி வதைமுகாமில் இருந்த மனநல மருத்துவர் அவர், எந்த நிலையிலும் மனப்பாங்கைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். அதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, மாற்றக்கூடிய துன்பத்துக்கும் ‘அர்த்தம் கண்டுபிடி’ என்று சொல்லிவிடுகிறார்கள். தவிர்க்க முடிந்த துன்பமென்றால் அதன் காரணத்தை நீக்குவதே அர்த்தமுள்ள செயல் என்று அவரே எழுதியிருக்கிறார்.

பேரையூர் வெண்ணிலா

இங்கதான் எனக்கு உறுத்துது சார். சார்த்தர், ரோஜர்ஸ் எல்லாம் தனி மனுஷனோட தேர்வைப் பத்திப் பேசுறாங்க. தாய்மாமன் உறவு, சீர், நாளைக்கு அம்மாவோட நிலைமை... அந்தப் பொண்ணு தனி ஆளா முடிவெடுக்கிற இடத்துலயே இல்லையே. “உங்களுக்கு என்ன வேணும்?”னு கேட்டா, “எங்க வீட்டுல என்ன சொல்றாங்கன்னா...”ன்னுதான் ஆரம்பிப்பா.

மேலூர் செல்வி

ஆரம்பிக்கட்டும். அதைத் தப்பிக்கிறதுன்னு எடுத்துக்காதீங்க. அவளோட ‘நான்’ங்கிறதுல அம்மாவும் இருக்காங்க. குடும்ப முறை சிகிச்சைக்காரங்க கேட்கிற மாதிரி கேளுங்க: “அம்மா இப்ப இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா என்ன சொல்வாங்க? அப்பா? அதைக் கேட்டு நீங்க என்ன சொல்வீங்க?” மூணாவது கேள்வியில அவளோட குரல் வரும். எடுத்த எடுப்புல அதைக் கேட்டா வராது.

ஆலோசகரோட சொந்த மதிப்பீடு ரெண்டு பக்கமும் சாயும். ஒருத்தர் அவளை வீட்டுலேருந்து காப்பாத்தக் கிளம்புவார், இன்னொருத்தர் “பெத்தவங்க நல்லதுக்குத்தான் சொல்வாங்க”ம்பார். ரெண்டு பேருமே அவளைக் கேட்கல. அதே நேரம், வயசு 19, அவ விருப்பமில்லாமக் கல்யாணம் நடக்கக் கூடாதுங்கிறது உறுதி. அடி, மிரட்டல், வீட்டுல பூட்டி வைக்கிறதுன்னு பேச்சு வந்தா அது கோட்பாட்டுக் கேள்வியா இருக்காது. 181 பெண்கள் உதவி எண்ணைச் சொல்லணும், துறைத் தலைமையையும் மேற்பார்வையாளரையும் சேர்த்துக்கணும், அவளுக்குத் தெரிஞ்சே.

வைகைக்கரை

ஜே. எஸ். நெகி என்ற மனநல மருத்துவர் 1973இல் குரு-சீட உறவை ஒரு சிகிச்சை மாதிரியாக முன்வைத்து எழுதினார். இங்கே வருகிறவர் வழிகாட்டியைத் தேடி வருகிறார், சரிசமமாக உட்கார்ந்து ஆராயும் துணையை அவர் எதிர்பார்க்கவில்லை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று: “நீங்கதான் சொல்லணும் மேடம்” என்று அவள் கேட்டால், “நான் புத்தி சொல்ல மாட்டேன்” என்று கையை விரிக்காதீர்கள். அவளுக்கு அது கைவிடப்பட்டதாகத்தான் படும். தகவலைத் தாராளமாகச் சொல்லுங்கள்: அரியர் தேர்வு எப்போது, கட்டணம் எவ்வளவு, உதவித்தொகைக்கு யாரைப் பார்ப்பது, தூக்கத்துக்கு என்ன செய்யலாம். முடிவை மட்டும் அவளிடம் விடுங்கள். தகவல் தருவதும் முடிவெடுத்துத் தருவதும் வேறு வேறு. கவுன்சலிங் தொடங்கியதே தகவலில்தான். ஃபிராங்க் பார்சன்ஸ் 1908இல் பாஸ்டனில் தொடங்கிய தொழில் வழிகாட்டி நிலையத்தில் சொன்ன மூன்று படி: தன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் பொருத்திப் பார்த்து யோசி.

ஒத்தக்கடை பாஸ்கர்

ஒரு எதிர்க்கேள்வி வைக்கிறேன். எல்லா முறையும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான் தருதுன்னு உளவியலாளர் ரோசன்ஸ்வைக் 1936லயே எழுதிட்டார். சிகிச்சையில வர்ற மாற்றத்துக்கு எது எவ்வளவு காரணம்னு லாம்பர்ட் 1992ல போட்ட கணக்கு எல்லாப் பாடப்புத்தகத்துலயும் இருக்கு: வெளிக்காரணம் 40, உறவு 30, எதிர்பார்ப்பு 15, உத்தி 15 சதவீதம். உறவுதான் பெரிசுன்னா தத்துவத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

வைகைக்கரை

அந்த 40-30-15-15 என்பது ஆய்வுகளைப் படித்து லாம்பர்ட் போட்ட மதிப்பீடு. புள்ளியியல் முறையில் கணக்கிட்டு வந்த விகிதம் இல்லை. தேர்வில் எழுதும்போது இதையும் எழுதுங்கள் வெண்ணிலா.

உறவு என்றால் என்ன என்பதை 1979இல் போர்டின் பிரித்துக் காட்டினார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, பிணைப்பு. முதல் இரண்டும் வெறும் அன்பால் வருவதில்லை. “இந்தத் தாளை நான் ஏன் எழுதணும்?” என்று அவள் கேட்டால், அவளுக்குப் புரிகிற, நீங்களும் நம்புகிற ஒரு காரணம் உங்களிடம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் கோட்பாட்டிலிருந்து வருகிறது. தத்துவத்தைத் தாண்டிப் போனவரால் உத்தியைச் செய்யச் சொல்ல முடியும், ஏன் என்று சொல்ல முடியாது. உறவு முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

எல்லாம் சமம் என்பதும் முழு உண்மையில்லை. திரும்பத் திரும்பக் கை கழுவும் எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓ.சி.டி.), பயத்தை எதிர்கொண்டு சடங்கைத் தடுக்கும் முறைக்கு வலுவான சான்று இருக்கிறது. அங்கே ஒத்துணர்வு மட்டும் போதும் என்று உட்கார்ந்திருப்பது சரியில்லை.

திருமங்கலம் ராபியா

இழையை முழுசாப் படிச்சேன். எல்லாரும் ‘லாயக்கில்ல’ங்கிறதைப் பிடிச்சுக்கிட்டீங்க. அடுத்த வாக்கியம் “பேசாம போயிடலாம்னு இருக்கு.” எங்க போறது? படிப்பை விட்டுட்டா, வீட்டை விட்டுட்டா, உயிரை விட்டுட்டா? மூணு வாரமாத் தூக்கமில்ல, தன்னைப் பயனில்லாதவள்னு சொல்றா. எந்தக் கோட்பாட்டுக்காரரா இருந்தாலும் முதல் அமர்வு முடியறதுக்குள்ள இதைக் கேட்டே ஆகணும்.

நேராவே கேளுங்க: “போயிடலாம்னு சொன்னீங்களே, செத்துப் போயிடலாம்னு தோணுதா?” கேட்டா எண்ணத்தை விதைச்சிடுவோமோன்னு பயப்பட வேண்டாம், அப்படி ஆகிறதில்ல. ஆமான்னா படிப்படியாப் போங்க: எப்பப்போ தோணுது, எப்படின்னு யோசிச்சிருக்காளா, அதுக்கானது கைக்கு எட்டுற இடத்துல இருக்கா, முன்னாடி முயற்சி பண்ணியிருக்காளா, இன்னிக்கு ராத்திரி கூட யார் இருப்பாங்க. திட்டமும் வழியும் இருந்தா அவளைத் தனியா அனுப்பக் கூடாது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, நம்பிக்கையான ஒரு ஆளோட அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போகணும். வயலுக்கு வாங்கின மருந்து வீட்டுல இருந்தா அதைப் பூட்டி, சாவி வேற ஆள் கையில இருக்கணும்னு குடும்பத்துகிட்டச் சொல்லணும். 14416ங்கிற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணை அவ போன்லயே பதிஞ்சு கொடுங்க, அது எந்நேரமும் எடுப்பாங்க. தற்கொலை முயற்சி செஞ்சவங்களைக் கடும் மன அழுத்தத்துல இருந்தவங்கன்னே கருதணும்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆவது பிரிவு சொல்லுது. போலீஸ் கேஸ் ஆகிடுமோன்னு வாயைத் திறக்காதவங்களுக்கு இதைச் சொன்னா பேச்சு வரும்.

இன்னொண்ணு. இந்த வழக்குல இல்ல, ஆனா களத்துல கட்டாயம் வரும். பாண்டி கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனோம், கோடாங்கி பார்த்துச் சொன்னார், தர்காவுல மூணு நாள் தங்கினோம்னு குடும்பம் சொல்லும். அதைக் கேட்டு முகம் சுளிச்சா அடுத்த தடவை உங்ககிட்டச் சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான் நடக்கும். மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் கொடுத்த கேள்விகள் இதுக்கு நல்லா உதவும்: இதுக்கு நீங்க என்ன பேர் சொல்றீங்க, எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க, ஏன் அப்ப ஆரம்பிச்சுச்சு, எதுக்கு ரொம்பப் பயப்படுறீங்க, எந்த மாதிரி வைத்தியம் வேணும்னு நினைக்கிறீங்க. வழிபாட்டை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்ல. மாத்திரையை நிறுத்துறது, கட்டிப் போடுறது, அடிக்கிறது, இதுல மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில சங்கிலியில கட்டியிருந்தவங்க தீயில சிக்கி 28 பேர் இறந்தது இங்கேருந்து ரொம்ப தூரத்துல இல்ல.

பேரையூர் வெண்ணிலா

ராபியா அக்கா, அந்த வாக்கியத்தை நான்தான் தட்டச்சு பண்ணினேன், அதுல இவ்வளவு இருக்குன்னு இப்பதான் தெரியுது. முதல் பத்து நிமிஷத்துக்கு ஒரு வரைவு போடுறேன், எல்லாரும் திருத்துங்க:

“வணக்கம், உட்காருங்க. என் பேர் வெண்ணிலா, பயிற்சி ஆலோசகர். நாம 45 நிமிஷம் பேசலாம். நீங்க சொல்றது எல்லாமே ரகசியமா இருக்கும். ஏன் உங்களை மேடம் அனுப்பினாங்க?”

மேலூர் செல்வி

மூணு திருத்தம். ‘எல்லாமே ரகசியம்’ பொய்யாகிடும். இப்படிச் சொல்லுங்க: “நீங்க சொல்றது நமக்குள்ள இருக்கும். உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா, 18 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா, கோர்ட் உத்தரவு போட்டா, அப்ப மட்டும் நான் வெளிய பேச வேண்டியிருக்கும். அப்பவும் முதல்ல உங்ககிட்டச் சொல்லிட்டுதான்.” போக்சோ சட்டம் 19ஆவது பிரிவுப்படி புகார் கொடுக்கிறது உங்க மேல உள்ள கடமை, விருப்பம் இல்ல. பயிற்சியில இருக்கிறதால மேற்பார்வையாளர்கிட்டப் பேசுவீங்கங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும்.

‘ஏன் அனுப்பினாங்க’ வேண்டாம். “மேடம் அனுப்பினதாச் சொன்னாங்க. உங்களுக்கு இங்க வர்றதுக்கு எப்படி இருந்துச்சு?”ன்னு கேளுங்க. வர இஷ்டமில்லன்னு சொல்ல அவளுக்கு இடம் கிடைக்கும்.

மூணாவது நேரம். பஸ் எத்தனை மணிக்குன்னு முதல்லயே கேட்டுக்கோங்க. கடைசி இருபது நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துட்டு இருக்கிறவகிட்ட ராபியா சொன்ன கேள்வியைக் கேட்க முடியாது. அதை நடுவுலயே கேட்டுடணும்.

திருமங்கலம் ராபியா

நாற்காலியை நேர் எதிரா போடாதீங்க, கொஞ்சம் சாய்வாப் போடுங்க. கதவுப் பக்கம் அவ முதுகு இருக்கட்டும். வராந்தாவுல போறவங்க அவ முகத்தைப் பார்க்கக் கூடாது.

வகுப்பாசிரியை சாயங்காலம் கட்டாயம் கேட்பாங்க, “என்னம்மா சொன்னா?”ன்னு. “வந்தாங்க, அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கேன்”, அவ்வளவுதான் பதில். அதைக்கூட அந்தப் பொண்ணு கிளம்புறதுக்கு முன்னாடி, “மேடம் கேட்டா இதை மட்டும் சொல்லவா?”ன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க.